வேட்டையும் இரையும்: எந்த விலங்குக்கு எந்த ஆங்கில வினைச்சொல்?

பனங்காடை (கேள்வி):
காட்டுயிர்ப் படங்களுக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டும். சிறுத்தை, செந்நாய், முதலை, மலைப்பாம்பு, பருந்து, பாம்புத்தாரா (மீன் பிடிக்கும் நீர்ப்பறவை), பாறு (பிணந்தின்னிக் கழுகு) என எல்லாவற்றுக்கும் 'ஹன்ட்', 'கில்', 'ஈட்' என்றே எழுதினால் சப்பென்று இருக்கிறது. எதற்கு எது பொருந்தும்? எந்தச் சொல்லோடு 'ஆன்' (on) வரும்?

கூகை:
முதலில் விலங்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். சிறுத்தை பதுங்கி நெருங்குவது 'ஸ்டாக்', கடைசிப் பாய்ச்சல் 'பவுன்ஸ்'. செந்நாய்க் கூட்டம் விரட்டியே ஓயவைத்துப் பிடிப்பது 'ரன் டவுன்'. முதலை நீரில் அசையாமல் காத்துக்கிடப்பது 'லை இன் வெயிட்'. இதற்கு இறந்தகாலம் 'லே' (lay). 'லைட்' (lied) என்று எழுதினால் முதலை பொய் சொன்னதாகிவிடும்!

பருந்து இறங்கி அள்ளுவது 'ஸ்வூப்'. பொரி வல்லூறு சிறகை ஒடுக்கி மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் விழுவதற்கு 'ஸ்டூப்' என்று தனிச்சொல் உண்டு.

மலைப்பாம்புக்கு 'கன்ஸ்ட்ரிக்ட்' போடுங்கள், 'ஸ்ட்ராங்கிள்' வேண்டாம். அது கழுத்தை நெரிப்பதில்லை, உடலைச் சுற்றி இறுக்குகிறது. இதே போல இரையை இறுக்கும் போவா பாம்புகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வில், அந்த இறுக்கத்தில் இரையின் ரத்த ஓட்டமே சில நொடிகளில் தடைபடுவது தெரிந்தது.

நத்தைகுத்தி:
'ஆன்' பற்றி: 'ஹன்ட்', 'ஸ்டாக்', 'ஆம்புஷ்' (மறைந்திருந்து தாக்குவது), 'சீஸ்' (seize, பற்றிப் பிடிப்பது) நான்கும் இரையை நேரடியாக ஏற்கும், 'ஆன்' கூடாது. 'பவுன்ஸ்', 'ப்ரே' (prey, வேட்டையாடித் தின்பது), 'ஃபீட்' மூன்றுக்கும் இரையைச் சொல்லும்போது 'ஆன்' கட்டாயம். 'ஹன்ட் ஃபார்' என்றால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'ப்ரே'யில் ஈ (e) எழுத்துக்குப் பதில் ஏ (a) போட்டால் பிரார்த்தனை (pray) ஆகிவிடும். எழுத்துப்பிழை திருத்தி இதைக் காட்டாது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான்.

பாறுக்கு 'ப்ரே ஆன்' தவறு. செத்துக்கிடப்பதைத் தின்பதால் 'ஸ்காவெஞ்ச்', அல்லது 'ஃபீட் ஆன் கேரியன்'.

கூகை:
தின்பதிலும் கவனம் வேண்டும். பாம்பும் முதலையும் மெல்லாது, அதனால் 'சூ' வராது. பாம்புக்கு 'ஸ்வாலோ ஹோல்'. முதலை பெரிய இரையைக் கவ்வி உடலைச் சுழற்றிப் பிய்ப்பது 'டேர் ஆஃப்'. 'டிவவர்' வெறியோடு முழுதும் தின்று தீர்ப்பது. மெதுவாக விழுங்கும் மலைப்பாம்புக்கு அது ஒட்டாது.

பாம்புத்தாராவுக்கு மூன்று சொல் தேவைப்படும்: அலகால் மீனைக் குத்துவது 'ஸ்பியர்', மேலே வீசுவது 'டாஸ்', தலைப்பக்கமாக விழுங்குவது 'ஸ்வாலோ ஹெட்-ஃபர்ஸ்ட்'. வால்பக்கமாக விழுங்கினால் துடுப்பு முள் தொண்டையில் மாட்டும்.

பனங்காடை:
கீச்சான் பறவை இரையை முள்ளில் குத்தி வைப்பதற்கும் 'ஸ்பியர்' சரியா?

நத்தைகுத்தி:
இல்லை. கீச்சான் அலகால் குத்துவதில்லை, பிடித்த இரையை முள்ளில் செருகுகிறது. அதற்கு 'இம்பேல்', பின்னால் 'ஆன் எ தார்ன்'.