கைக்கு இணங்கிய கருவிகள்: உங்கள் அனுபவம் என்ன?

காங்கயத்திலிருந்து:
அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) வயது 78. தோட்டத்து வீடான சாளையில் தனியாக இருக்கிறார். மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் எழுந்து, வரப்பு வழியாக மோட்டார் அறைக்கு நடப்பார். பாம்பு நடமாட்டம் உள்ள வரப்பு அது. பயந்துபோய், செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். குறுஞ்செய்தி அனுப்பினால் மோட்டார் ஓடும். ஓடிவிட்டது என்று ஆங்கிலத்தில் பதில் வரும். அப்பிச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. செய்தியை அனுப்பிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்க அதே வரப்பில், அதே இருட்டில் நடந்தார். எனக்கு ஆறவே இல்லை.

இப்போது இருப்பது வேறு கருவி. அழைத்தால் எடுத்துத் தமிழில் பேசுகிறது: மோட்டார் ஓடுகிறது, அல்லது மின்சாரம் இல்லை. போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைக் கவனித்துத் தானாகவே நிறுத்திவிட்டு, அப்பிச்சியை அழைத்துச் சொல்கிறது. இல்லாவிட்டால் மோட்டார் சூடேறி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். அவருடைய பட்டன் போனில் 5-ஆம் எண் மேல் சிறு புடைப்பு இருக்கிறது அல்லவா? ஸ்டார்ட்டரின் எண்ணை அதில்தான் பதிந்து கொடுத்தேன். கட்டிலில் படுத்தபடியே, கண்ணாடியைத் தேடாமல், கட்டைவிரலால் தடவி அழுத்துகிறார். பதில் காதில் விழுந்ததும் புரண்டு படுத்துக்கொள்கிறார்.

திருப்பூரிலிருந்து:
பனியன் கம்பெனியில் துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்ப்பது என் வேலை. 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டிச் சிறு தராசில் வைப்போம், 1.80 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். மின்விசிறிக் காற்று பட்டாலே எண் ஆடும். பழைய தராசில் எந்த எண்ணைக் குறிப்பது என்று தெரியாமல், ஒரே துணிக்கு நானும் பக்கத்து மேசை அக்காவும் வேறு வேறு எழுதித் திட்டு வாங்கியிருக்கிறோம். இப்போதைய தராசில் எண் நிலைத்ததும் ஓரத்தில் சிறு வட்டம் தோன்றுகிறது. அது வந்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்கிறது. பஞ்சுத் தூசி படிந்த விரலுக்கு அதுவே பெரிய நிம்மதி.

கோபியிலிருந்து:
புடைப்பைச் சொன்னதும் 2003-இல் வந்த நோக்கியா 1100 நினைவுக்கு வந்தது. தூசி உள்ளே போகாத பொத்தான்கள், தலையில் டார்ச். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இன்றும் விடியற்காலையில் மாடு கட்டும் கட்டுத்தறிக்கு அதோடுதான் போகிறார். காங்கயம் அண்ணா, ஸ்டார்ட்டரில் இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால் மோட்டார் நின்றுவிடுமா?

காங்கயத்திலிருந்து:
நிற்காது தம்பி. போன் வழிதான் அடைபடும். ஸ்டார்ட்டரில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தி எப்போதும்போல் ஓட்டலாம். அது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்கினேன்.