3.80-இல் கட்டியது ஸெத்தியா? ஆறாம் படிவப் படைப்புக்கு உதவி தேவை

பட்டர்வொர்த்_அக்கா:
வணக்கம். தங்கைக்கு எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) பொருளியலில் 10 நிமிடப் படைப்பு. தலைப்பு டான்ஸ்ரீ ஸெத்தி அக்தார் அஸிஸ், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் முன்னாள் கவர்னர். "1998-இல் பேங்க் நெகாரா கவர்னராக இருந்து, 1 டாலர் 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தியவர்" என்று முதல் ஸ்லைடில் போட்டிருக்கிறாள். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். எங்கே தப்பு? அந்த 3.80 எப்படித்தான் வேலை செய்தது?

நோட்டுப்பிரியன்:
"கவர்னர்" என்ற சொல்தான் தப்பு. 1998 ஆகஸ்டு கடைசியில் கவர்னர் அகமது முகமது டோன் பதவி விலகினார். ஸெத்தி அப்போது உதவி கவர்னர். சில நாட்களுக்குத் தற்காலிகக் கவர்னர் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. செப்டம்பர் 1-இல் மூலதனக் கட்டுப்பாடு (பணம் நாட்டுக்குள் வந்துபோவதற்குக் கட்டுப்பாடு), 2-இல் 3.80. அறிவித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது அவர். முடிவெடுத்தது அப்போதைய பிரதமர் மகாதீர். திட்டத்தை வகுத்ததில் நோர் முகமது யாக்கோப்புக்குப் பெரிய பங்கு (பிறகு நம் தாசேக் குளுகோர் எம்.பி. ஆனாரே, அவரேதான்). அந்த மாதமே அலி அபுல் ஹசான் கவர்னரானார். ஸெத்தி முழுக் கவர்னரானது 2000 மே 1-இல். 2016 ஏப்ரல் 30 வரை இருந்தார்.

பழைய ரிங்கிட் நோட்டு கிடைத்தால் "கபெனோர்" (மலாயில் கவர்னர்) என்ற சொல்லுக்கு மேலே உள்ள கையெழுத்தைப் பாருங்கள். முதலில் அகமது டோன், பிறகு அலி அபுல் ஹசான், அதற்கும் பிறகுதான் ஸெத்தி. ஸ்லைடில் இதைப் பெரிதாக்கிக் காட்டினாலே போதும்.

இன்னொன்று: "மிக நீண்ட காலம் கவர்னராக இருந்தவர்" என்றும் எழுதிவிட வேண்டாம். 1962 முதல் 1980 வரை இருந்த துன் இஸ்மாயில் அலிதான் அது. நாட்டின் முதல் பெண் கவர்னர் ஸெத்தி. 2018-இல் வந்த நோர் ஷம்சியா இரண்டாமவர்.

வட்டிக்கணக்கு:
3.80-ஐப் புரியவைக்க ஒரு கணக்குப் போதும். ரிங்கிட் விலை விழும் என்று பந்தயம் கட்டும் பந்தயக்காரன் சிங்கப்பூரில் 3.5 மில்லியன் ரிங்கிட் கடன் வாங்குகிறான். 3.50 விலையில் விற்றால் கையில் 1 மில்லியன் டாலர். ரிங்கிட் 4.20-க்கு விழுந்ததும், அதே 3.5 மில்லியனைத் திரும்ப வாங்க 833,333 டாலர் போதும். கடனை அடைத்தபின் மிச்சம் 166,667 டாலர், வட்டி போக. எல்லாரும் இப்படி விற்க விற்க, விழும் என்று அவன் சொன்னது தானாகவே பலித்துவிடும்.

இதற்குத் தேவையான மூலப்பொருள் நாட்டுக்கு வெளியே கிடக்கும் ரிங்கிட். அதைத்தான் வெட்டினார்கள். வெளியே இருந்த ரிங்கிட்டை ஒரு மாதத்துக்குள் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெளிநாட்டில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பங்குச் சந்தைக்கு வந்த அந்நியப் பணம் 12 மாதம் வெளியேறக் கூடாது. 1999 பிப்ரவரியில் இதைத் தளர்த்தி வெளியேறும் வரியாக மாற்றினார்கள். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்: "எல்லாப் பணமும் தடை" என்று எழுதிவிடுவார்கள். ஏற்றுமதி இறக்குமதிப் பணத்துக்கும் தொழிற்சாலை முதலீட்டுக்கும் தடை இல்லை. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பாட்டுக்கு ஓடின.

பட்டர்வொர்த்_அக்கா:
நன்றி ஐயா. விலையைக் கட்டுவது போதாதா? கதவையும் ஏன் அடைத்தார்கள்?

வட்டிக்கணக்கு:
நிலையான விலை, தாராளமாகப் போய்வரும் பணம், நம் இஷ்டத்துக்கு வட்டி, இந்த மூன்றும் ஒன்றாக நிற்காது. ஏதாவது ஒன்றை விட்டாக வேண்டும். கதவைத் திறந்துவைத்தபடி வட்டியைக் குறைத்தால் பணம் ஓடிவிடும், 3.80-ஐக் காக்க டாலர் கையிருப்பை விற்றே தீர்த்துவிடுவோம். கதவை அடைத்ததால் வட்டியைக் குறைக்க முடிந்தது. வங்கிகள் பேங்க் நெகாராவிடம் கட்டாயமாக வைக்கும் இருப்பு விகிதம் 1998 தொடக்கத்தில் 13.5 விழுக்காடு, செப்டம்பர் நடுவில் 4. அதாவது 100 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) 9.50 வெள்ளி கூடுதலாகக் கடன் கொடுக்கக் கிடைத்தது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள், அவசரம் புரியும்.

ஈப்போரோடு:
என்னைக் கேட்டால், படைப்பின் பாதி நேரத்தை 2005-க்குக் கொடுக்கலாம். கட்டுவதைவிட அவிழ்ப்பது கஷ்டம். "அடுத்த மாதம் அவிழ்க்கிறோம்" என்று மூச்சுவிட்டாலே பந்தயக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். 2005 ஜூலை 21 மாலை சீனா, டாலரோடு கட்டியிருந்த யுவானை அவிழ்த்தது. அதே மாலையில் பேங்க் நெகாராவும் 3.80-ஐக் கைவிட்டு, பல நாட்டு நாணயங்களின் கூடையைப் பார்த்து மேலாண்மை செய்யும் முறைக்கு மாறியது. ரிங்கிட் துள்ளவில்லை, மெல்லத்தான் நகர்ந்தது. முன்னேற்பாடு இல்லாமல் அந்த வேகம் வராது. இது முழுக்க ஸெத்தியின் காலத்துக் காரியம்.

அவர் பின்னணியும் இங்கேதான் பொருந்தும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல், பிறகு பென்சில்வேனியாவில் 1978-இல் முனைவர் பட்டம். மூலதனப் போக்குவரத்துதான் அவர் ஆராய்ந்த துறை. சீசென் (தென்கிழக்காசிய மத்திய வங்கிகளின்) ஆய்வு மையத்தில் சில ஆண்டுகள், 1985-இல் பேங்க் நெகாரா, இடையில் லண்டன் அலுவலகம். "பொருளியல் பேராசிரியர் உங்கு அஸிஸின் மகள்" என்ற ஒரே வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கும்.

2008 உலக நிதி நெருக்கடிக்கு ஒரு வரி போதும்: கொள்கை வட்டி (பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி) 3.50 விழுக்காட்டிலிருந்து 2009 பிப்ரவரிக்குள் 2.00.

நோட்டுப்பிரியன்:
படம் தேடும்போது 500, 1000 வெள்ளி நோட்டுகள் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். பெரிய நோட்டாக இருந்தால் ரிங்கிட்டைக் கடத்துவது சுலபம். 1999 ஜூலை 1 முதல் அவை செல்லாது. 3.80 ஸ்லைடுக்குப் பொருத்தமான படம்.