கலைச்சொல் விவாதம்: கார் ஒலியமைப்பில் ‘எர்த்’துக்குப் ‘புவி’ வேண்டாம், ‘மீள்வழி’ என்போம்

> தம்பி, கார் ஒலியமைப்புச் சொற்பட்டியலைப் பார்த்தேன். ‘எர்த்’ என்பதற்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். ‘புவித்தொடுப்பு’ என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறதே, அதையே போட்டுவிடலாமே?

அண்ணாச்சி, வணக்கம்.

அந்த இடத்தை வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். வீட்டு மின்சாரத்துக்குப் புவித்தொடுப்பு மிகச் சரியான சொல். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கார் நான்கு ரப்பர் டயர்மேல் நிற்கிற வண்டி. ஆம்ப்ளிபயரின் கறுப்பு வயர் மண்ணுக்குப் போவதில்லை. வண்டியின் தகட்டு உடல் வழியாக பேட்டரிக்கே திரும்பிப் போகிறது.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வீட்டில் எர்த் வயரில் சாதாரண நேரத்தில் மின்னோட்டம் ஓடாது. ஏதாவது கசிந்தால்தான் ஓடும். அது காவலுக்கு நிற்கிற வயர். திரும்பி வருகிற வேலையை நியூட்ரல் செய்கிறது. காரிலோ சிவப்பு வயரில் போனது அத்தனையும் அந்தக் கறுப்பு வயரில்தான் வந்தாக வேண்டும். ஒன்று காவல், மற்றது முழுநேர வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிறவர் எந்த வயரைப் பொருத்துகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

இந்தக் குழப்பம் நம் பக்கம் எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கே கார் செட் மாட்டுகிறவர்களில் பலர் மைக்செட்டில் கைபழகியவர்கள். கோயில் கொடைக்கு ஜெனரேட்டர் வைக்கும்போது இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, தண்ணீர் ஊற்றி, வயரைச் சுற்றுவார்கள். அது நிஜமான எர்த். அதே சொல் காருக்குள் ஏறியதும் ‘எங்கேயாவது இரும்பில் தொட்டால் போதும்’ என்று ஆகிவிட்டது.

சனி, ஞாயிறுகளில் நண்பர்களின் வண்டிகளுக்கு ஆம்ப்ளிபயர், சப்வூபர் மாட்டிக் கொடுக்கிறேன். குற்றால சீசனுக்கு முன்னால் நான்கைந்து பேராவது வந்துவிடுவார்கள். ஏற்கெனவே வேறு இடத்தில் மாட்டிய வண்டியின் டிக்கியைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படுவது இது: பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயர் சுண்டுவிரல் தடிமன், கறுப்பு வயர் அதில் பாதிகூட இல்லை. அதையும் பெயின்ட் மேலேயே வைத்து ஏதோ ஒரு ஸ்குருவில் இறுக்கியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், “எர்த்துதானே, இது போதும்லா” என்பது பதில். சொல்தான் அந்த வயரை மெலிய வைத்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய அளவு) உள்ள டி வகை ஆம்ப்ளிபயர். உள்ளே இழுப்பதில் 80 விழுக்காடு ஸ்பீக்கருக்குப் போகிறது என்று வைத்தால், முழுச் சத்தத்தில் உள்ளே இழுப்பது ஏறக்குறைய 625 வாட். என்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட். ஆக 45 ஆம்பியர் போகிறது, அதே 45 ஆம்பியர் திரும்புகிறது. பெயின்ட்டோ துருவோ இருக்கிற போல்ட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே போதும்: அந்த ஒரு புள்ளியில் 0.45 வோல்ட் இழப்பு, 20 வாட் சூடு. உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் உப்புக் காற்றுக்கு இந்த இடம் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால்தான் பெயின்ட்டைத் தேய்த்து, தகடு பளபளக்கும்வரை சுரண்டி, சிவப்புக்குச் சமமான தடிமனில் கறுப்பு வயரைப் பூட்டி, மேலே கிரீஸ் தடவச் சொல்கிறோம். ‘மீள்வழி’ என்ற சொல்லைப் படிக்கிற ஒருவருக்கு, போகிற வழியும் திரும்புகிற வழியும் ஒரே அகலம் வேண்டும் என்று தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

> அப்படியானால் ‘எதிர்முனை’ என்றே சொல்லிவிடலாமே? கறுப்பு வயர் போய்ச் சேருவது அங்கேதானே?

இப்போதைய வண்டிகளுக்குச் சரி. ஆனால் 1960கள் வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையைத்தான் உடலில் பூட்டியிருந்தார்கள். பழைய வண்டியைப் புதுப்பிக்கிற ஒருவர் நம் பட்டியலை நம்பி இன்றைய செட்டை மாட்டினால், செட் புகைந்துவிடும். முனை எதுவாக இருந்தாலும் உடல் செய்கிற வேலை ஒன்றுதான்: மின்னோட்டத்தைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பெயரும் அந்த வேலையிலிருந்து வரட்டும்.

மற்ற முன்மொழிவுகளையும் பார்த்தேன். தென்காசி அக்கா சொன்ன ‘திரும்புமுனை’ பொருளில் சரி, ஆனால் ‘திருப்புமுனை’ பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு எழுத்துப் பிழையில் அர்த்தமே மாறிப்போகும். ‘வடிகால்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வயற்காட்டுச் சொல். ஆனால் வடிகாலில் போவது வேண்டாத தண்ணீர். இங்கே திரும்புவது வேண்டாததல்ல. அதோடு ‘வடிப்பான்’ பட்டியலில் ஏற்கெனவே பில்டருக்கு உட்கார்ந்திருக்கிறது. ‘கூண்டுத்தொடுப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவது என்கிறோம், அந்த வழக்கிலிருந்து வந்தது. ஆனால் அது இடத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை.

‘மீள்வழி’யின் உண்மையான பலன் அடுத்த சொல்லில்தான் தெரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்று ஏறுகிற சத்தம் எல்லாருக்கும் தெரியும். செட் முன்னால் டாஷ்போர்டில் ஒரு புள்ளியில் உடலைத் தொடுகிறது. ஆம்ப்ளிபயர் பின்னால் டிக்கியில் வேறு புள்ளியில் தொடுகிறது. இரண்டையும் இணைத்துப் பாட்டைக் கொண்டுபோகிற ஆர்சிஏ கேபிளின் உலோக மேலுறை மூன்றாவது வழியாகிவிடுகிறது. இரு புள்ளிகளுக்கும் இடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலும், திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த மேலுறை வழியே ஓடி, பாட்டோடு கலந்துவிடும்.

கலப்பது ஆல்டர்னேட்டரின், அதாவது என்ஜினோடு சுற்றி பேட்டரிக்கு மின்னேற்றுகிற கருவியின் அலைவு. 12 துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால், மூன்று கட்டமும் டயோடுகளில் நேர்மின்னோட்டமாகத் திருத்தப்பட்டு வரும்போது அந்த அலைவின் அதிர்வெண் 3600 ஹெர்ட்ஸ். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற பகுதி அதுதான். சின்ன அளவு கலந்தாலும் அவ்வளவு எரிச்சலாக இருப்பது அதனால்தான்.

இதைப் ‘புவி வளையம்’ என்று எழுதினால் பூமியைச் சுற்றி ஏதோ வளையம் இருப்பதுபோல் தோன்றும். ‘மீள்வளையம்’ என்றால், திரும்புகிற வழி ஒன்றுக்கு மேல் ஆகி ஒரு வளையமாக மூடிக்கொண்டது என்று அந்தச் சொல்லிலேயே காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் வைத்தியமும் தெரியும்: முதலில் ஆம்ப்ளிபயரின் பூட்டுப் புள்ளியைச் சுரண்டிச் சரிசெய், பிறகு செட்டின் கறுப்பு வயரைப் பார். கடையில் விற்கிற இரைச்சல் வடிப்பானை வாங்கி நடுவில் செருகுவது கடைசி வேலை. அது சத்தத்தை மறைக்கும், சூடாகிற போல்ட்டைச் சரிசெய்யாது.

சத்தத்துக்கு ‘ஆல்டர்னேட்டர் ஊளை’ என்றே போட்டிருக்கிறேன். ‘ரீங்காரம்’ வேண்டாம், அது இனிமையான சொல்.

> சரி தம்பி. இரண்டு ஐயம். ‘மீள்விசை’, ‘மீட்சி’ என்று இயற்பியலில் ‘மீள்’ வேறு பொருளில் இருக்கிறது. அப்புறம், பட்டறையில் யார் ‘மீள்வழி’ என்று சொல்லப் போகிறார்கள்?

அண்ணாச்சி, முதல் ஐயம் நியாயமானது. ஆனால் அங்கேயும் மீளுதல் என்பது பழைய இடத்துக்குத் திரும்புவதுதான், பொருள் முரண்படவில்லை. ‘வழி’ கூடவே நிற்பதால் விசையோடு குழப்பிக்கொள்ளவும் இடமில்லை.

இரண்டாவதுக்கு: பட்டறையில் ‘பாடி எர்த்’ என்றுதான் சொல்வார்கள். நானும் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் கேட்பேன். அதை மாற்ற நான் முயலவில்லை. நாம் எழுதுவது தனியாக உட்கார்ந்து படித்து, தன் வண்டியில் தானே மாட்டப் போகிற பையனுக்கான கையேடு. அவன் பக்கத்தில் தப்பைத் திருத்த ஆள் இருக்காது. பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்று என்று எழுதுகிறோம் அல்லவா? நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் தகட்டில் பட்டால் முழு பேட்டரியும் ஷார்ட் ஆகும். ஏனென்றால் தகடு முழுக்க மீள்வழி. அந்த ஒரு வரியை ‘புவி’ என்ற சொல்லை வைத்து விளக்கிப் பாருங்கள், முடியாது.

ஆகவே பட்டியலில் இப்படிப் பதிகிறேன். பேட்டரிக்குத் திரும்பும் பாதை முழுவதும் ‘மீள்வழி’. தகட்டில் வயரைப் பூட்டும் இடம் ‘மீள்முனை’. ஒன்றுக்கு மேற்பட்ட பாதை மூடிக்கொள்வது ‘மீள்வளையம்’. முதல் முறை வரும்போது மட்டும் அருகில் ‘பாடி எர்த்’ என்று எழுதிவிடுவோம், பட்டறைக்குப் போனால் பேச்சு புரிய வேண்டுமே. ‘புவித்தொடுப்பு’ வீட்டு மின்சாரப் பகுதியில் அப்படியே இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது: செட்டை ஆன் செய்ததும் ஆம்ப்ளிபயரை எழுப்புகிற நீல-வெள்ளை வயர். கடைகளில் ‘ரிமோட்’ என்கிறார்கள், கையில் பிடிக்கிற ரிமோட் என்று பலர் நினைக்கிறார்கள். அக்கா ‘எழுப்புவயர்’ என்று ஒன்று சொன்னார். அதை அடுத்த மடலில் தனியாகப் பேசுவோம்.