கட்டணப் பாக்கி இருந்தால் டிசி தர மறுக்கலாமா?

கேள்வி: மகள் 6ஆம் வகுப்பு முடித்துவிட்டாள், தனியார் பள்ளி. கணவருக்கு வேலை போனதில் இரண்டு தவணை பாக்கி. அதைக் கட்டினால்தான் டிசி என்கிறார்கள். அரசுப் பள்ளியிலோ டிசி கேட்கிறார்கள். "எப்பம்மா ஸ்கூல்?" என்று பிள்ளை தினமும் கேட்கிறாள்.

பதில்: டிசிக்காகக் காத்திருக்காதீர்கள் அக்கா. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: டிசி தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. 14 வயது வரை இது பொருந்தும். என் பையனை இப்படித்தான் சேர்த்தேன். பிறப்புச் சான்றிதழோடு மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

பதில்: டிசி கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது. பாக்கியைப் பள்ளி சட்டப்படி தனியே கேட்கலாம், அது வேறு விஷயம்.

கேட்டவர்: சரி, நாளைக் காலையே மனுவோடு போகிறேன்.