கேபிளை விட்டு இணையவழித் தொலைக்காட்சிக்கு மாறுவது: முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு எது பொருந்தும்?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம். என் தாயாருக்கு 72 வயது. கோவில்பட்டியில் தனியாக வசிக்கிறார். மாலை ஆறரை மணி முதல் பத்து மணி வரை சன் டிவி, விஜய் டிவி இரண்டிலும் மாறி மாறித் தொடர்கள் பார்ப்பார். காலையில் செய்தியும் பக்திப் பாடல்களும் ஓடும். மழை பெய்தால் கேபிளில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. சொல்லி அனுப்பினால் இரண்டு மூன்று நாள் கழித்தே ஆள் வருகிறார். சென்ற மாதம் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பும் ஆண்ட்ராய்டு டிவியும் வாங்கிக் கொடுத்தேன். இனி கேபிளை நிறுத்திவிட்டுச் செயலிகளை மட்டும் நம்பலாமா? செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தாமாகவே பார்க்க முடிய வேண்டும்.

கம்பிவடம் எழுதியது:

பதினெட்டு ஆண்டுகள் கேபிள் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் முதலில் பழுதைப் பற்றிச் சொல்கிறேன். மழையில் படம் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயரின் இணைப்பு முனையில் தண்ணீர் இறங்குவதுதான். அந்த முனையை மாற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். ஆகவே, அதைச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாறுவதென்றே தீர்மானித்தால், இணையம் வழியாக வரும் தொலைக்காட்சி எல்லாம் ஒன்றல்ல என்பதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். செயலிகள் ஒரு வகை. சன் குழுமத்தின் சேனல்கள் சன் நெக்ஸ்டில் இருக்கும். விஜய் டிவியின் தொடர்கள் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கும். ஜீ தமிழுக்கு ஜீ5 வேண்டும். ஒவ்வொரு குழுமமும் தன் சரக்கைத் தன் கடையில்தான் வைத்திருக்கிறது. ஐபிடிவி இன்னொரு வகை. இதில் ஃபைபர் நிறுவனமே கேபிள்காரரின் இடத்தில் நின்று, எல்லாக் குழுமங்களின் சேனல்களையும் வரிசை எண்ணோடு தருகிறது. பிஎஸ்என்எல் 2024-இல் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கான இந்தச் சேவையைத் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் முதலில் தொடங்கியது. ஏர்டெல் 2025 மார்ச்சில் தொடங்கியது. ஐபிடிவி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளுக்கு உட்பட்டது என்பதால், கேபிளைப் போலவே வேண்டிய சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் உரிமை அதிலும் உண்டு. செயலிகளுக்கு அந்த விதிகள் பொருந்தாது. அவர்கள் வைத்ததுதான் விலை, கொடுத்ததுதான் பட்டியல்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மேலே ஐயா சொன்னதை எங்கள் வீட்டு அனுபவத்தால் உறுதி செய்கிறேன். என் மாமனாருக்காக மூன்று செயலிகளை ஏற்றி வைத்தோம். படம் மிகத் தெளிவாகவே வந்தது. ஆனால் ஒரு செயலியை விட்டு வெளியே வந்து இன்னொன்றைத் திறந்து, சுயவிவரத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு அந்தத் தொடரைத் தேடுவது என்பது எண்ணை அழுத்திச் சேனல் மாற்றியே பழகிய கைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தேர்வு எழுதுவது போல இருந்தது. ஒரு நாள் செயலி தானாகவே கணக்கை விட்டு வெளியேறி, கைபேசி எண்ணையும் ஓடிபியையும் கேட்டிருக்கிறது. அந்த எண் வெளியூரில் இருந்த என் கணவருடையது. தொலைக்காட்சி கெட்டுவிட்டது என்று நினைத்து, எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நான்கு நாள் அவர் எதுவும் பார்க்காமலே இருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. பிறகு ஐபிடிவி பெட்டி வாங்கி, எண்கள் உள்ள ஒரே ரிமோட்டைக் கையில் கொடுத்தோம். சன் டிவி, விஜய் டிவி, செய்தி ஆகிய மூன்றின் எண்களையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தாயார் தனியாக இருக்கிறார் என்பதால் இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன்.

வடக்குரதவீதி எழுதியது:

தூர்தர்ஷனின் டிஷ் ஆன்டெனா சேவையான டிடி ஃப்ரீ டிஷ் மாதக் கட்டணம் இல்லாதது என்று சிலர் பரிந்துரைப்பார்கள். டிடி தமிழ் கிடைக்கும், ஆனால் சன் டிவி கிடைக்காது. தங்கள் தாயாருக்குப் பொருந்தாது. கிரிக்கெட்டைப் பொறுத்தவரை, இணையத்தில் படத்தைச் சிறு துண்டுகளாக அனுப்பிச் சேர்த்து வைத்துக் காட்டுவதால் நேரலை சற்றுப் பிந்தித்தான் வரும். பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்த பிறகே விக்கெட் விழுவதைப் பார்ப்பீர்கள். தொடர் பார்ப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓடிபி பற்றி நான் யோசிக்கவே இல்லை. என் தாயாரும் கேட்கத் தயங்கி அப்படித்தான் இருந்துவிடுவார். இணைப்பு முனையை மாற்றித் தரும்படி இன்றே கேட்கிறேன். சரியாகாவிட்டால் ஐபிடிவிதான். எங்கள் பகுதியில் மின்தடை அதிகம் என்பதால், அப்போது என்ன ஆகும் என்றும், ஹெச்டியில் நாள் முழுதும் ஓடினால் ஃபைபரின் டேட்டா போதுமா என்றும் யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கம்பிவடம் எழுதியது:

ஹெச்டி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் மாதம் 720 ஜிபி. தங்கள் ஃபைபர் திட்டத்தின் மாத வரம்பு இதற்கு மேல் இருந்தால் போதும். டிவிக்கான டேட்டா தனிக் கணக்கா என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள். மின்தடையில் பழைய கேபிளுக்குத்தான் தொல்லை அதிகம்: தங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தாலும், வழியில் சிக்னலை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் தெருவில் இல்லையென்றால் படம் போய்விடும். ஃபைபர் வழியில் பெரும்பாலும் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இருக்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிவியோடு ரௌட்டரையும் அதே இணைப்பில் போட்டுவிடுங்கள். கேபிளை உடனே துண்டிக்காமல் ஒரு மாதம் இரண்டையும் வைத்துப் பாருங்கள். இப்போது இருப்பது அரசு கேபிள் பாக்ஸ் என்றால் அது நிறுவனத்தின் சொத்து. ரிமோட், அடாப்டர் ஆகியவற்றோடு திருப்பிக் கொடுத்து, ஒப்படைத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.