மம்மத் கேவ் அருகே ஆர்.வி.யில் தங்கிய ஏப்ரல்

ஏப்ரலில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு ஆர்.வி.யோடு (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) போகலாமா என்று யாராவது கேட்டால், "மே கடைசிவரை பொறுங்கள்" என்பார்கள். வார இறுதிக்கு மட்டும் போகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். வாரக்கணக்கில் தங்க முடிந்தவர்கள் தாராளமாக ஏப்ரலிலேயே போங்கள். நாங்கள் மம்மத் கேவ் என்ற பெரிய குகை இருக்கும் தேசியப் பூங்காவுக்கு வெளியே, கேவ் சிட்டி என்ற ஊர்ப் பக்கம், மின்சார, தண்ணீர் இணைப்புள்ள ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் டிரெய்லரை நிறுத்தினோம். குகைச் சுற்றுகளுக்கு மட்டும் முன்னதாகவே டிக்கெட் எடுத்துவிட்டோம். வெளியே மழையா வெயிலா என்பது உள்ளே போனால் தெரியாது, வருடம் முழுக்க 54 டிகிரி ஃபாரன்ஹீட்தான் (12 செல்சியஸ்). நடைபாதை, படகு, சைக்கிள் எதற்கும் தேதி குறிக்கவில்லை. காலையில் வானத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டோம்.

போய் இறங்கியபோது நல்ல வெயில். ரெட்பட் மரங்கள் இளஞ்சிவப்பில் பூத்திருந்தன. பக்கத்து சைட்டில் இருந்த உள்ளூர்க்காரர், "இதை நம்பி கோட்டை எடுத்து வைத்துவிடாதீர்கள்" என்றார். அங்கே வசந்தத்தில் இடையிடையே வரும் குளிருக்கெல்லாம் பெயர் உண்டு. ரெட்பட் பூக்கும்போது வருவது ரெட்பட் விண்டர், அடுத்து டாக்வுட் விண்டர், மே வாக்கில் பிளாக்பெர்ரி விண்டர். அவர் சொன்னபடியே வந்தது, நடுவில் ஒரு புயலையும் சேர்த்துக்கொண்டு.

புயலைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டொர்னேடோ (சுழல்காற்று) எச்சரிக்கை வாசிக்கும்போது கவுன்ட்டி (நம் மாவட்டம் போல) பெயரைத்தான் சொல்வார்கள். ஊர்விட்டு ஊர் போகும் ஆர்.வி.காரர்களுக்கு எந்த கவுன்ட்டியில் நிற்கிறோம் என்பதே பல சமயம் தெரியாது. கேவ் சிட்டி பேரன் கவுன்ட்டி. பூங்காவின் பார்வையாளர் மையம் எட்மன்சன் கவுன்ட்டி. கொஞ்சம் வடக்கே போனால் ஹார்ட் கவுன்ட்டி. மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். எச்சரிக்கையில் இரண்டு வகை. வாட்ச் என்றால் டொர்னேடோ உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது. வார்னிங் என்றால் ரேடாரிலோ நேரிலோ பார்த்துவிட்டார்கள், உடனே கிளம்ப வேண்டும். எத்தனை டன் எடை இருந்தாலும் ஆர்.வி. அந்தக் காற்றுக்குத் தாங்காது.

அன்று மாலை வாட்ச் வந்ததுமே ஆனிங்கை (டிரெய்லரின் வெளிப்பக்கத் துணிப் பந்தல்) சுருட்டி, ஷூ, டார்ச், மருந்து, சாவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தோம். நள்ளிரவுக்கு மேல் வார்னிங். கேம்ப்கிரவுண்டில் கான்கிரீட் கட்டடம் என்று இருந்தது குளியலறை ஒன்றுதான், எல்லோரும் அங்கே ஓடினோம். நாய்கள், தூக்கக் கலக்கத்தில் குழந்தைகள், யாரோ எடுத்துவந்த வானிலை ரேடியோவின் கரகரப்பு. ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை, ஆனால் விளையாட்டாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரான பௌலிங் கிரீனை 2021 டிசம்பரில் டொர்னேடோ தாக்கியதை அங்கே யாரும் மறக்கவில்லை. நல்லவேளை, எங்கள் பக்கம் வெறும் மழையும் காற்றும்தான்.

புயல் போன கையோடு குளிர் வந்தது. உறைபனி இரவுகளில் தண்ணீர்க் குழாயை இணைப்பில் விடக் கூடாது. பகலிலேயே உள் டாங்கை நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, இரவு பம்ப்பில் ஓட்டினோம். ஹீட்டர் ஓட ஓட ஜன்னலில் வியர்த்துக் கொட்டும், கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

இத்தனைக்கும் பலன் குகையில் கிடைத்தது. வெப்பமான நாளில் ஹிஸ்டாரிக் என்று பெயருள்ள குகை வாசலில் நின்றால் உள்ளிருந்து குளிர்காற்று முகத்தில் அடிக்கும். வெளியே உறையும் நாளில் அதே வாசல் காற்றை உள்ளே இழுக்கும். ஜூலையிலோ ஜனவரியிலோ வருகிறவர்கள் இதில் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். மழைக்கு மறுநாள் வாசலின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் அருவியாய் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் உள்ளே சில அடி போனால் மண் காய்ந்து கிடக்கிறது, மேலே மணற்கல் குடைபோல் மூடியிருப்பதால். பிரிட்டனோடு நடந்த 1812 போர்க் காலத்தில் வெடியுப்பு எடுத்த மரத்தொட்டிகள் இன்னும் அப்படியே இருப்பதற்கும் அந்த வறட்சிதான் காரணம். குகையின் ஃபுரோசன் நயாகரா பகுதியில் அந்த மூடி இல்லை. அங்கே சுண்ணாம்புத் திரைகள் சொட்டச் சொட்ட நிற்கின்றன. அளந்தவரை 420 மைலுக்கு மேல் நீளும் குகை, உலகிலேயே நீளமானது. நாம் நடப்பது அதில் துளிதான்.

மறுமொழி:
நாங்கள் கிரீன் நதியின் வடகரையில் மேப்பிள் ஸ்பிரிங்ஸ் கேம்ப்கிரவுண்டில் தங்கினோம். அமைதியான இடம். ஆனால் மழையில் நதி ஏறினால் ஃபெரியை (வண்டிகளை அக்கரை சேர்க்கும் படகு) நிறுத்திவிடுவார்கள், குகைக்கு வர ஊரைச் சுற்ற வேண்டியிருக்கும். டூர் உள்ள நாளில் காலையிலேயே ஃபெரி ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று, லூயிவில்லிலிருந்து வருகிறவர்கள் வழியில் மத்திய நேர மண்டலத்துக்குள் நுழைகிறீர்கள். கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும்.

மறுமொழி:
அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், முட்டிவலி. கூட்டிப் போகலாமா?

மறுமொழி:
ஹிஸ்டாரிக் டூர் வேண்டாம், இரண்டு மைல் நடை, 540 படிகள். ஃபுரோசன் நயாகரா டூர் கால் மைல்தான். அதில் இறங்கி ஏறும் 98 படிகள் விருப்பம் இருந்தால் மட்டும், அம்மா மேலேயே நின்றுகொள்ளலாம். ஸ்வெட்டர் கட்டாயம். வேறு குகைக்குப் போட்டுப்போன செருப்பையும் உடையையும் இங்கே கொண்டுவராதீர்கள், வௌவால்களைக் கொல்லும் பூஞ்சை அதில் ஒட்டிவரும். வெளியே வரும்போது சோப்புத் தண்ணீர் விரிப்பில் நடக்கவைப்பதும் அதற்காகத்தான்.

ஆர்.வி.காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே என்று கிரே டாங்கை (பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் தொட்டி) தரையில் திறந்துவிடுகிறவர்களை அங்கே பார்த்தேன், எரிச்சலாக இருந்தது. அது சுண்ணாம்புப் பூமி, மேலே ஊற்றுவது அதிகம் வடிகட்டப்படாமலே கீழே நிலத்தடி ஆற்றுக்குப் போய்விடும். பக்கத்திலுள்ள ஹார்ஸ் கேவ் ஊரில், ஹிடன் ரிவர் குகையைக் கழிவுநீர் நாற்றத்தால் 1943-ல் மூடினார்கள். திரும்பத் திறந்தது தொண்ணூறுகளில்தான். டாங்கைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் அங்கே வரிசை நீளும், அதிகாலையில் போனால் சீக்கிரம் முடியும்.