புருக்மான்சியாக் கிளைத்துண்டு அழுகாமல் வேர்விட என்ன செய்ய வேண்டும்?

கோவை மாடித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் என் அத்தை வீட்டு வேலியோரம் பல ஆண்டுகளாக நிற்கும் புருக்மான்சியாவிலிருந்து, அதாவது நர்சரிகளில் ஏஞ்சல் டிரம்பெட் என்று விற்கும் செடியிலிருந்து, ஒரு கன்றாவது உண்டாக்கிவிட வேண்டும் என்று இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் துண்டுகள் அழுகிப்போயின. அந்த வீடு தை மாதத்தில் கைமாறுகிறது. வாங்குபவர் வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அத்தை திருமணமாகி வந்த ஆண்டில் தம் கையால் நட்ட செடி என்பதால், அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதல் முறை, ஆனி மாத மழையில், நுனியில் பச்சையாகவும் சதைப்பற்றாகவும் இருந்த ஐந்து தளிர்க்கிளைகளை ஒடித்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்த தொட்டியில் நட்டு, இலைகள் துவளும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி, மேலே பாலித்தீன் உறையும் போட்டு மூடினேன். பத்தாம் நாள் ஒன்றைத் தொட்டபோது அது கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்த பகுதியின் தோல் உறைபோலக் கழன்று, உள்ளே பழுப்பு நிறக் கூழும் அழுகிய உருளைக்கிழங்கின் நாற்றமுமாக இருந்தது. இரண்டாம் முறை கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஜன்னலில் வைத்தேன். ஒரே வாரத்தில் தண்ணீர் கலங்கி, தண்டின்மேல் வழவழப்புப் படிந்து, அதே கதிதான்.

எந்தக் கிளையை வெட்ட வேண்டும், மண்ணில் நடுவதா தண்ணீரில் வைப்பதா, வேரூக்கித் தூள் அவசியமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

குன்னூர்த் தோட்டக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, துண்டுக்குத் தண்ணீர் போதாமல் போய்விடுமோ என்ற கவலையில்தான் ஒவ்வொரு காரியத்தையும் செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வேரில்லாத துண்டால் நாம் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ள முடியாது. அது மண்ணின் இடைவெளிகளில் நிறைந்து காற்றை வெளியேற்றிவிடும். காற்றில்லாத ஈரத்தில் பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் பெருகி, வெட்டுவாய் வழியாக உள்ளே நுழைந்துவிடும். உங்கள் கலவையில் இருந்த மண்புழு உரமும் அந்தக் கிருமிகளுக்குத் தீனியாயிற்று. வேர் வரும்வரை துண்டுக்கு எந்த உரமும் வேண்டாம். அது தன் தண்டிலுள்ள சேமிப்பைக் கொண்டே வேரை உண்டாக்கிக்கொள்ளும்.

பச்சைத் தளிரை எடுத்ததும் ஒரு காரணம். இந்தச் செடியின் இளந்தண்டு மென்மையானது, நடுவிலோ பஞ்சுபோன்ற சோறு இருக்கும்; அழுகல் ஒரு முறை உள்ளே போனால் ஒரே இரவில் இரண்டு கணு தூரம் ஏறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பச்சை நிறம் மங்கிச் சாம்பல் கலந்த பழுப்புத் தோல் போர்த்திய, கட்டைவிரல் பருமன் உள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும், விரலால் அழுத்தினால் உள்வாங்கக் கூடாது.

கிளையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். விதையிலிருந்தோ அடிக்கிளையிலிருந்தோ வளரும் புருக்மான்சியா முதலில் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, பிறகு கவையாகப் பிரியும். முதல் பூ அந்தக் கவையில்தான் வரும். கவைக்கு மேலிருந்து எடுத்த துண்டு, மறுபடி அவ்வளவு உயரம் வளராமலே சீக்கிரம் பூக்கும். அடையாளம் காண இலையின் அடியைப் பாருங்கள்: கவைக்கு மேலுள்ள இலைகளில் காம்பின் ஒரு பக்கத்தில் இலைப்பரப்பு சற்று மேலேயே நின்றுவிடும், மறுபக்கத்தில் கீழே இறங்கி வந்து முடியும். கீழுள்ள இலைகளில் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக முடியும். உங்களுக்கு இப்போது செடி பிழைப்பதே முக்கியம் என்பதால் இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கிளை நன்றாக முற்றியிருக்கும்.

மழை விட்டு ஓரிரு நாள் வெயில் கண்ட பிறகு, சுடுநீரில் கழுவிய கத்தியால், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். நுனியில் ஒன்றிரண்டு சிறிய இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் கத்தரித்துவிடுங்கள். பெரிய இலை ஒன்று இருந்தாலும் அது தண்டின் ஈரத்தை வற்றச் செய்துவிடும். முருங்கைப் போத்து நடுகிறவர்கள் மேல்வெட்டில் சாணி உருண்டையை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்துக்காக, நுனி இல்லாத துண்டாக இருந்தால் மேல்வெட்டில் மெழுகுவத்தியை உருக்கி ஒரு சொட்டு விடலாம். அடிவெட்டு மட்டும் திறந்திருக்கட்டும். நிழலில் அரை நாள் கிடந்து அது உலர்ந்த பிறகு நடுங்கள்.

நடுவதற்குச் சலித்துப் பொடியை நீக்கிய பருமணல் போதும். கழுவும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட மணல். பெர்லைட், அதாவது தண்ணீர் தேங்காமல் காற்றோட்டம் தரும் எடையற்ற வெள்ளைக் குருணை, கிடைத்தால், உப்புப் போக அலசிய நார்க்கழிவுடன் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. அந்த ஈரம் குறைந்தால்தான் மறுபடி தண்ணீர். பாலித்தீன் உறை வேண்டாம், வெயில் படாத வெளிச்சம் போதும். வேரூக்கித் தூள் இருந்தால் சற்றுச் சீக்கிரம் வேர்விடலாம், இல்லாமலும் வேர்விடும் செடிதான் இது. பூஞ்சணக்கொல்லியை நம்பி ஈரத்தைக் கூட்டிவிடாதீர்கள். கார்பன்டாசிம் மட்டும் உள்ள மருந்து பித்தியத்தைக் கட்டுப்படுத்தாது.

இன்னொன்று. எல்லாத் துண்டுகளையும் கோவைக்குக் கொண்டுவராதீர்கள். பாதியை அத்தை வீட்டு நிழலிலேயே மணல்தொட்டியில் நட்டுவிட்டு, வேர்விட்ட பிறகு எடுத்துவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக வரும், ஆகவே தொட்டிகள் கூரையின் கீழ் இருக்கட்டும். முடிந்தால் தாய்ச்செடியிலேயே ஒரு கிளையில் விண்பதியனும் கட்டிவையுங்கள், அதாவது கிளையை வெட்டாமலே அதன் தோலைச் சிறிது சீவி, ஈர நாரை வைத்துக் கட்டி வேர்விடச் செய்யும் முறை. வேர் வரும்வரை தாய்ச்செடி உணவு கொடுப்பதால் இழப்பு மிகக் குறைவு.

நுவரெலியா வாசகி எழுதியது:

வணக்கம் அக்கா. எங்கள் ஊரிலும் வீட்டு வேலிகளில் இந்தப் பூ நிறைய உண்டு. தண்ணீரில் வைத்தே வேர்விடச் செய்து பழகியவள் நான், ஆதலால் அந்த முறையை முற்றாகக் கைவிட வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன்.

போத்தலின் கழுத்துவரை தண்ணீர் நிரப்பியதுதான் தவறு. நான்கு அல்லது ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேல் தண்ணீர் தேவையில்லை. ஒரு கணு மூழ்கினால் போதும், மிகுதித் தண்டு காற்றில் இருக்க வேண்டும். தண்ணீரின் சூட்டையும் பாருங்கள். 20 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும், 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமளவுக்குக் குறைந்துவிடும், அதே சூட்டில் கிருமிகளோ வேகமாகப் பெருகும். ஜன்னல் வெயிலில் இருந்த உங்கள் போத்தலில் நடந்தது இதுவே. வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்து, வெளிச்சம் புகாதபடி போத்தலைக் கறுப்புத் துணியால் சுற்றி, நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது தண்டையும் ஓடும் நீரில் பிடித்து, விரலால் மெதுவாகத் தடவி வழவழப்பைக் கழுவிவிட வேண்டும்.

ஏழெட்டு நாளில் தோலின்மேல் வெள்ளைப் புள்ளிகள் மொட்டுப்போலத் தடிக்கத் தொடங்கும். அதைப் பூஞ்சணம் என்று எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள், வேர் பெரும்பாலும் அவ்விடங்களிலிருந்துதான் வரும். பூஞ்சணமென்றால் விரல் பட்டதும் கழன்றுவிடும், இவை கழலா. அடிப்பகுதி பழுப்பானால் காத்திருக்காமல், உள்ளே சுத்தமான வெண்பச்சை தெரியும் இடம்வரை வெட்டியெறிந்து, புதுத் தண்ணீரில் மறுபடி வையுங்கள். வேர் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீண்டவுடன் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரில் வளர்ந்த வேர் எளிதில் முறியும் என்பது உண்மை. நீள விட்டால் நடும்போதே ஒடிந்து, அந்தக் காயத்திலிருந்து மீண்டும் அழுகல் தொடங்கும்.

தாவரவியல் ஆசிரியை எழுதியது:

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். புருக்மான்சியா நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. ஊமத்தை குறுஞ்செடியாக நின்று பூவை மேல்நோக்கி விரிக்கும், இது மரத்தண்டு கொண்டு பூவைத் தொங்கவிடும். நஞ்சு இரண்டுக்கும் ஒன்றுதான். இலை, பூ, விதை, தண்டின் சாறு எல்லாவற்றிலும் ஸ்கோபாலமினும் அட்ரோபினும் உண்டு. வெட்டிய கையால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து, பல மணி நேரம் பார்வை மங்கியிருக்கும். கையுறை அணிந்து வெட்டுங்கள், சமையலறைக் கத்தியைத் தொடாதீர்கள். போத்தலைக் குடிதண்ணீர்ப் புட்டிகளோடு சேர்த்து வைக்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

தாய்ச்செடியின் இலைகளில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது நச்சுயிரி (வைரஸ்) நோயாக இருந்தால், ஒவ்வொரு துண்டோடும் அந்த நோயும் உங்கள் வீட்டுக்கு வரும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் இதே குடும்பம் என்பதால் மாடித்தோட்டத்துக்கும் ஆபத்து.

வெட்டி எஞ்சிய கிளைகளை ஓடையோரம் வீசிவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நீலகிரியின் ஓடைக்கரைகளில் தானாகவே பரவி நிற்கிறது. முறிந்து விழுந்த கிளை, குளிர்ந்து ஓடும் நீரோரத்தில் காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைப்பதால் எளிதாக வேர்விட்டுவிடும். தாயகத்தின் நிலையோ வேறு. இந்தப் பேரினத்தின் ஏழு இனங்களும் இயற்கைக் காடுகளில் அற்றுப்போனவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் வகைப்படுத்தியிருக்கிறது. மனிதர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் துண்டுகளைக் கொடுத்துத்தான் அவை இன்று வாழ்கின்றன.

கோவை மாடித்தோட்டம் எழுதியது:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். எட்டுத் துண்டுகள் வெட்டி, நான்கை அத்தை வீட்டுத் திண்ணையோரம் மணலில் நட்டோம். இரண்டை இங்கே மணலிலும் இரண்டைத் தண்ணீரிலும் வைத்தேன். இங்கே மணலில் வைத்தவற்றில் ஒன்று போய்விட்டது; தவறு என்னுடையது, ஒரு நாள் இலை துவண்டதைப் பார்த்துப் பதறிக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். தண்ணீரில் வைத்தவற்றில் ஒன்றின் அடி ஆறாம் நாள் பழுப்பானது. இரண்டு விரற்கடை வெட்டித் தள்ளிவிட்டு மறுபடி வைத்தேன். பதினொன்றாம் நாள் காலையில் தண்ணீர் மாற்றும்போது, தோலின்மேல் அரிசி நொய் ஒட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, விரலால் தடவியும் அவை போகவில்லை. இப்போது இரண்டும் தொட்டிக்கு மாறிவிட்டன. கோத்தகிரியில் நான்கில் மூன்று துளிர்த்திருக்கின்றன. ஒன்றை அத்தை தாம் குடிபோகும் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். துளிர் வந்துவிட்டதால் உரம் போடலாமா?

குன்னூர்த் தோட்டக்காரர் எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி, சகோதரி. துளிர் வந்ததால் மட்டும் வேர் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். தண்டிலுள்ள சேமிப்பிலும் முதல் துளிர் விரியும். தண்டை இரு விரலால் மெல்ல அசைத்து, பிடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். நான்கைந்து புதிய இலைகள் முழு அளவுக்கு விரிந்த பிறகு உரத்தைக் கொஞ்சமாகத் தொடங்கலாம். அதன்பின் இது நிறைய உரம் கேட்கும் செடி. கோவையில் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமாகப் பார்த்துப் பெரிய தொட்டியில் வையுங்கள். கோத்தகிரியில் உள்ளவற்றை மணலோடும் தொட்டியோடும் அப்படியே எடுத்துவாருங்கள், வழியில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.